ஏற்காட்டு கேமராவுக்கும் ஐ.நா. சபைக்கும் என்ன சம்பந்தம்?

சேலத்தில் சிறு தொழில் செய்கிறவர்களுக்கு நெட்வொர்க் பாதுகாப்பு பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. காபிப் பழம் பறிக்கிற ஒரு டிசம்பரில் ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றிலிருந்து போன் வந்தது. "தம்பி, ராத்திரியானா நெட்டு சுத்தமா படுத்துருதுங்க."

20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போனவனுக்குக் கோளாறைப் பிடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. காபி காயும் களத்தைப் பார்த்து மாட்டியிருந்த கேமராக்களின் டிவிஆர்தான், அதாவது படங்களைப் பதிவு செய்கிற பெட்டிதான், காரணம். செல்போனில் பார்க்க வசதியாக ரவுட்டரில் போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து இணையம் வழியாக உள்ளே வரும் வாசலை, திறந்து வைத்திருந்தார்கள். பாஸ்வேர்டு, வாங்கிய அன்று இருந்த அதே 123456. முன்பின் தெரியாத வெளிநாட்டு இணைய முகவரிகளுக்கு அந்தப் பெட்டி விடிய விடிய எதையோ அனுப்பிக்கொண்டிருந்தது.

"காப்பிக்கொட்டை காயறதப் பாத்து எவனுக்குங்க என்ன லாபம்?" என்றார் பெரியவர்.

நியாயமான கேள்வி. ஆனால் களத்தை எவனும் பார்க்கவில்லை. அவனுக்கு வேண்டியிருந்தது அந்தப் பெட்டியும் அதன் இணைய இணைப்பும்தான்.

2016-ல் மிராய் என்றொரு நிரல் இதைத்தான் செய்தது. அறுபதுக்கும் மேற்பட்ட பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்து, உலகமெங்கும் கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் நுழைந்தது. அந்த அக்டோபர் 21 அன்று அப்படிப் பிடித்த கருவிகளைக் கொண்டு இணையதளப் பெயரைக் கொண்டு அதன் முகவரியைக் கண்டுபிடித்துத் தரும் டைன் என்ற அமெரிக்க நிறுவனத்தைத் தாக்கினார்கள். ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பலருக்குத் திறக்கவில்லை. ஏதோ ஒரு வல்லரசின் வேலை என்று அப்போது பேசிக்கொண்டார்கள். கடைசியில், மிராயை எழுதியதாக 2017-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் மூன்று அமெரிக்க இளைஞர்கள்! நிரலை ஏற்கெனவே பொதுவில் போட்டுவிட்டதால், அதை யார் வேண்டுமானாலும் எடுத்து ஏவலாம் என்றாகியிருந்தது.

அடித்தது அரசா, அறையில் உட்கார்ந்திருக்கும் பையனா என்பதே தெரியாத இந்தக் குழப்பம் அரசுகளுக்கும் வசதிதான். 2024 ஜனவரியில் அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் ஒரு செய்தி சொன்னது: சீன அரசின் ஆதரவு பெற்ற வோல்ட் டைஃபூன் என்ற குழு, அமெரிக்காவிலேயே வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இருந்த நூற்றுக்கணக்கான பழைய ரவுட்டர்களை முகமூடியாகப் பயன்படுத்தியது, நீதிமன்ற அனுமதியோடு அவற்றைச் சுத்தம் செய்தோம். சீனா மறுத்தது. அவ்வளவுதான், வழக்கு எந்த ஊர் நீதிமன்றத்தில் நடக்கும்?

இணைய வெளியில் நாடுகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஐ.நா. நிபுணர் குழு 2015-ல் 11 நெறிகளைச் சொல்லியிருக்கிறது. தன் மண்ணிலிருந்து இப்படிப்பட்ட தாக்குதல் நடக்க எந்த நாடும் தெரிந்தே இடம்கொடுக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. எல்லாம் விருப்பத்தின் பேரில். மீறினால் தண்டனை இல்லை. இருந்தாலும், எங்கோ ஒரு மின்வாரியம் தாக்கப்பட்டு, அதன் கணினிப் பதிவில் ஏற்காட்டு இணைய முகவரி இருந்தால், முதல் பார்வைக்கு அது இந்தியாவிலிருந்து வந்த அடிதான்.

நம் அரசும் சும்மா இல்லை. கேமராக்களைப் பாதுகாப்புச் சோதனைக்கு உட்படுத்திய பிறகே விற்க வேண்டும் என்று 2024 ஏப்ரலில் அறிவித்த விதி, அடுத்த ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சீனக் கருவிகள் மீதான சந்தேகம் இதில் பெரும் பங்கு. விதியை நான் வரவேற்கிறேன். ஆனால் அது புதிதாக விற்கும் கேமராவுக்கு. ஏற்கெனவே சுவரில் ஏறிவிட்டதை யார் வந்து பார்ப்பது? எந்த நாட்டுப் பெட்டியாக இருந்தாலும் பாஸ்வேர்டு 123456 என்றால் கதவு திறந்தே கிடக்கிறது.

சரி, எஸ்டேட்டுக்கு வருவோம். மிராய் வகை நிரல்கள் பெரும்பாலும் தற்காலிக நினைவகத்தில்தான் குடியிருக்கும், பெட்டியை அணைத்துப் போட்டால் போய்விடும். பாஸ்வேர்டை மாற்றாவிட்டால் சில நிமிடங்களிலேயே திரும்ப வந்துவிடும், மலைப்பாதைக் குரங்குகள் மாதிரி. போர்ட்டை மூடினேன், நீளமான பாஸ்வேர்டு வைத்தேன், கேமராக்களை அலுவலகக் கணினியிலிருந்து தனி நெட்வொர்க்குக்கு மாற்றினேன்.

அப்புறம்தான் கவனித்தேன், டிவிஆரின் கடிகாரம் 2000 ஜனவரியில் நின்றிருந்தது. நிறுவனங்கள் கணினிக் கடிகாரங்களைச் சரியாக வைக்க வேண்டும், அவற்றின் செயல்பாட்டுப் பதிவுகளை 180 நாள் சேமிக்க வேண்டும், தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-லேயே சொல்லிவிட்டது. நாளைக்கு யாராவது விசாரித்து வந்தால், "எங்க பெட்டி மாட்டிக்கிட்டதுங்க" என்று நிரூபிக்க இவரிடம் ஒரு சரியான தேதிகூட இல்லை.

நேரத்தைத் திருத்திக்கொண்டிருந்தபோது பெரியவர் மெதுவாகச் சொன்னார்: "சேலம் ஃபேர்லேண்ட்ஸ்ல மருமகன் வீட்டுலயும் இதே செட்டுதாங்க. இதே ஆளுதான் மாட்டிக் குடுத்தாப்ல."

ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு மலை இறங்கினேன்.