வளைந்த சேஸிஸை நெருப்பு எப்படி நிமிர்த்துகிறது?

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் பழைய டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் கார் வாங்கியிருக்கிறார். எப்போதோ முன்பக்கம் மோதிய வண்டி. பானெட்டை மூடினால் இடது ஓரத்தில் விரல் நுழைகிறது, வலது ஓரத்தில் தகடும் தகடும் உரசுகின்றன. சேஸிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், வளைந்திருக்கிறது, சூடு வைத்து நிமிர்த்திவிடலாம் என்கிறாராம் பட்டறைக்காரர். "ஒருமுறை வளைந்த இரும்பை நிமிர்த்தினால் பழைய பலம் இருக்குமா? நெருப்பு பட்டால் இன்னும் கெட்டுப்போகாதா?" என்று கேட்கிறார்.

ஸ்பிட்ஃபயர் 1962 முதல் 1980 வரை தயாரான, இரண்டு பேர் உட்காரும் திறந்த கார். டிரையம்ஃப் ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கி, பக்கவாட்டுக் கிளைகளைக் குறைத்து இதற்குப் பயன்படுத்தினார்கள். அந்த ஹெரால்ட்தான் சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் ஓடியது. ஆகவே நம்மூர்ப் பழைய டிங்கர்களுக்கும் இந்த அமைப்பு புதிதல்ல. இரண்டு இரும்புப் பெட்டிச் சட்டங்கள் நடுவில் நெருங்கி, முன்னும் பின்னும் விரிந்து செல்லும். பானெட் மொத்தமும் சேஸிஸின் முன்முனையில் கீல் போட்டு மாட்டியிருக்கும். அதனால் முன்முனை கொஞ்சம் திரும்பினாலே, ஒரு மீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் பானெட்டின் பின்விளிம்பு அதைப் பெரிதாக்கிக் காட்டிவிடும்.

முதல் வேலை அளப்பது. தொழிற்சாலையின் பழுதுபார்ப்புக் கையேட்டில் சேஸிஸ் அளவுகள் இருக்கும். ஒவ்வொரு போல்ட் துளையிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டு, தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்து, மூலைவிட்டங்களை ஒப்பிட வேண்டும். இரண்டு மூலைவிட்டமும் சமமாக இல்லையென்றால் சட்டம் கோணியிருக்கிறது. முறுக்கியிருக்கிறதா என்பதை ரசமட்டம் சொல்லிவிடும்.

விபத்தில் அடிபட்ட வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போனால், "ராசியில்லாத வண்டி" என்று எலுமிச்சையும் மிளகாயும் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். இதைப் பழக்கம் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரம் இடது பக்கம் ஓர் அளவாகவும் வலது பக்கம் வேறு அளவாகவும் இருந்தால் வண்டி இழுக்கத்தான் செய்யும். ஒரு டேப்பை வைத்து அளந்தால் தெரிந்துபோகும் கோளாறை ராசிக் கணக்கில் எழுதிவிட்டு நெடுஞ்சாலையில் ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

சரி, வளைவு எங்கே என்று தெரிந்துவிட்டது. சங்கிலி கட்டி ஹைட்ராலிக் ஜாக்கியால் இழுத்தால் நிமிர்ந்துவிடாதா? ஓரளவு நிமிரும். மென்எஃகை, அதாவது கார்பன் குறைந்த சாதாரண எஃகை, அதன் நீளத்தில் சுமார் 0.12 சதவீதம் வரை இழுத்து விட்டால் பழைய நிலைக்கே திரும்பிவிடும். அதைத் தாண்டினால் படிகங்களுக்குள் இருக்கும் இடப்பிறழ்வுகள், அதாவது அணு வரிசையில் உள்ள கோணல்கள், நகரத் தொடங்கும். உலோகம் நிரந்தரமாக உருமாறுவது இப்படித்தான் என்று 1934இல் டெய்லர், ஒரோவான், பொலானி ஆகிய மூன்று விஞ்ஞானிகளும் தனித்தனியே சொன்னார்கள். வளைந்த சட்டத்தை இழுக்கும்போதும் இந்த இரண்டும் சேர்ந்தே நடக்கும். ஆகவே வேண்டிய இடத்தைத் தாண்டி இழுத்து, சங்கிலியைத் தளர்த்தி, அப்புறம்தான் அளக்க வேண்டும்.

ஆனால் இதில் ஒரு சிக்கல். கட்டுக்கம்பித் துண்டு ஒன்றைக் கூர்மையாக மடித்து, பிறகு இரு முனையையும் பிடித்து இழுத்து நிமிர்த்திப் பாருங்கள். மடிந்த இடம் அப்படியே ஒரு முண்டு போல நிற்கும், அதன் இருபுறமும் புதிதாக வளையும். மடிந்த இடத்தில் இடப்பிறழ்வுகள் பெருகி, ஒன்றையொன்று மறித்துக்கொள்வதால் அந்த இடம் மட்டும் கடினமாகிவிடுகிறது. சேஸிஸிலும் இதே கதைதான். குளிர்ந்த நிலையில் முரட்டுத்தனமாக இழுத்தால் அளவு சரியாக வந்துவிடும், ஆனால் ஒரு வளைவு இருந்த இடத்தில் மூன்று வளைவுகள் இருக்கும்.

நெருப்பு வருவது இங்கேதான். சூடு வைப்பதே இரும்பை இளக்கி வளைக்கத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். மறுபாதி எனக்கு எப்போது யோசித்தாலும் பரவசம் தருவது: ஜாக்கி தள்ளாமலே, சூடும் குளிரும் மட்டுமே சட்டத்தை நிமிர்த்திவிடும்.

வளைந்த சட்டத்தின் வெளிப்புறம் நீண்டிருக்கிறது, உட்புறம் குறுகியிருக்கிறது. டார்ச்சை, அதாவது தீச்சுடர் கக்கும் கேஸ் குழலை, வைப்பது நீண்ட வெளிப்புறத்தில். சூடானால் அது இன்னும் நீளத்தானே வேண்டும், வளைவு கூடத்தானே செய்யும்? ஆம், முதலில் லேசாகக் கூடும். ஆனால் சூடான திட்டைச் சுற்றிலும் சூடாகாத இரும்பு இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எஃகு ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 12 பங்கு விரியும். முழுவதுமாகத் தடுத்துப் பிடித்தால், 100 டிகிரி ஏறுவதற்குள்ளாகவே அந்த 0.12 சதவீத எல்லை வந்துவிடும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அந்தத் திட்டு பக்கவாட்டில் நீள முடியாமல் தனக்குள்ளேயே நசுங்கி, தடிமனில் புடைக்கிறது. 600 டிகிரியில் எஃகின் வலுவும் பாதிக்கும் கீழே போய்விடுவதால் சூடான பகுதிதான் விட்டுக்கொடுக்கும், குளிர்ந்த பகுதி அசையாது.

இப்போது டார்ச்சை அணைத்துவிடுங்கள். ஆறும்போது திட்டு சுருங்குகிறது. நசுங்கிய நீளம் திரும்பி வராது. ஆறியதும் அது முன்பு இருந்ததைவிடக் குட்டை. சூடு ஏறும்போது இளகித் தோற்ற இரும்பு, ஆறும்போது வலுவை மீட்டுக்கொண்டு சுற்றியிருக்கும் சட்டத்தையே இழுக்கிறது. வெளிப்புறம் குறுகுகிறது, சட்டம் நிமிர்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 மில்லிமீட்டர் திட்டு 600 டிகிரி சூடானால் 0.36 மில்லிமீட்டர் நீள விரும்பும். அதில் 0.3 நசுங்கிவிட்டது, சட்டத்தின் அகலம் 75 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் முனை 4 மில்லிமீட்டர் நகரும். நடைமுறையில் பிடிப்பு இவ்வளவு முழுமையாக இருக்காது. இதில் பாதி கிடைத்தாலும் பெரிய விஷயம்தான்.

அகலவாக்கில் வெளிவிளிம்பு அதிகமாகவும் உள்விளிம்பு துளியும் சுருங்காமலும் இருக்க வேண்டும் என்பதால், சூட்டை 'வி' வடிவில் வைப்பார்கள். கூர்முனை உட்புறம், விரிந்த வாய் வெளிப்புறம். முனையில் தொடங்கி மெதுவாக வாயை நோக்கி டார்ச்சை நகர்த்துவார்கள். ஜாக்கியால் நிமிரும் திசையில் லேசாக அழுத்தம் கொடுத்துவைத்தால் பிடிப்பு கூடும், பலனும் கூடும். 650 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, 727ஐ எட்டினால் எஃகின் உள்ளமைப்பே மாறத் தொடங்கும். நிழலில் பார்த்தால் மங்கிய சிவப்பு. வெயிலில் அந்தச் சிவப்பு கண்ணுக்கே தெரியாது, தெரிவதற்குள் சூடு எல்லை மீறியிருக்கும். குறிப்பிட்ட வெப்பநிலையில் உருகும் குச்சியால் கோடு போட்டுப் பார்ப்பது நல்லது. பெட்ரோல் டாங்க்கையும் குழாய்களையும் முன்கூட்டியே கழற்றிவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அமெரிக்காவில் லாரி மோதி வளைந்த பால உத்தரங்களை இதே முறையில் நிமிர்த்துகிறார்கள், அதற்கு அளந்து எழுதிய வழிகாட்டி நூல்களும் உண்டு. நம் பட்டறைகளில் இது கைப்பழக்கமாகவே இருக்கிறது. பட்டறை அறிவை அளந்து, எண்ணாக்கி, பட்டறைக்கே திருப்பிக் கொடுக்கும் ஆராய்ச்சிக்கு நாம் பணம் ஒதுக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். ஓர் ஐடிஐயில் டார்ச்சும் வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிளும் பழைய இரும்புச் சட்டங்களும் இருந்தால் போதும், தொடங்கிவிடலாம்.

வாசகரின் கேள்விக்கு வருகிறேன். மென்எஃகுச் சட்டத்தை இப்படி வரம்புக்குள் சூடாக்கி நிமிர்த்தினால் பலம் பெரிதாகக் குறையாது. குறைக்கக் கூடியவை இரண்டு. ஒன்று, மடிந்த இடத்தில் விழுந்திருக்கும் மயிரிழை விரிசல். சிவப்புச் சாயம் ஊற்றித் துடைத்து, மேலே வெள்ளைப் பொடி தூவினால் விரிசல் சிவப்புக் கோடாகக் காட்டிக்கொடுக்கும். மற்றது, பெட்டிச் சட்டத்தை உள்ளிருந்தே அரித்திருக்கும் துரு. சுத்தியலால் தட்டும்போது ஓசை மங்கினால் அந்தப் பகுதியை நிமிர்த்த வேண்டாம், வெட்டிவிட்டுப் புதுத் துண்டு வைக்கச் சொல்லுங்கள்.

எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. 1961இல் வந்த ஜாகுவார் ஈ-டைப்பின் முன்சட்டம், சைக்கிள்களுக்குப் பெயர்பெற்ற ரெனால்ட்ஸ் 531 என்ற மெல்லிய உலோகக்கலவைக் குழாய்களால் ஆனது. அதில் டார்ச் வைக்கக் கூடாது. போல்ட்டைக் கழற்றி முழுச் சட்டத்தையும் மாற்றிவிடுவதுதான் முறை. இன்றைய கார்களின் அதிவலு எஃகும் சூட்டில் வலுவிழந்துவிடும்.

வேலை முடிந்ததா என்பதை ஸ்பிட்ஃபயரில் ஷிம்களே சொல்லிவிடும். முன்சக்கரத்தின் கீழ்க்கை சேஸிஸோடு சேரும் இடத்தில், சக்கரச் சாய்வைச் சரிசெய்ய மெல்லிய தகடுகள் செருகுவார்கள். இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் தகடு போட்டுச் சாய்வு சரியாக வந்தால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் கற்றையாகத் திணித்துத்தான் சரிசெய்ய முடிகிறது என்றால் சேஸிஸ் இன்னும் நிமிரவில்லை. பட்டறைக்காரரிடம் பணம் கொடுக்கும் முன் குனிந்து அதை எண்ணிப் பாருங்கள்.