ரேடியேட்டர் வால்வில் இருக்கும் அந்த 5

அக்டோபர் கடைசியில் குளிர் இறங்கியதும் என் போன் ஓயாமல் அடிக்கத் தொடங்கும். லண்டனில் வீடுகளின் ஹீட்டிங்கைப் பழுதுபார்ப்பது என் வேலை. பெரும்பாலான வீடுகளில் கேஸ் பாய்லர் சூடாக்கும் தண்ணீர் குழாய் வழியாக ஒவ்வோர் அறையின் ரேடியேட்டருக்கும் ஓடி அறையைச் சூடாக்கும். ரேடியேட்டரின் ஓரத்தில் இருக்கும் வால்வைத் திருகி 1 முதல் 5 வரை வைக்கலாம். சென்ற ஆண்டு ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டுக்குப் போனேன். மாடியறையில் எழுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மின்சார ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இங்கே ஒரு யூனிட் மின்சாரம், ஒரு யூனிட் கேஸைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு விலை.

"அஞ்சிலதான் வச்சிருக்கிறன் தம்பி, அறை சூடாகுதே இல்லை" என்றார். கீழே ஹாலில் வேர்த்துக் கொட்டாத குறை.

வால்வு வரை வரும் செப்புக் குழாயில் கை வைக்க முடியவில்லை. ரேடியேட்டரோ சில்லென்று இருந்தது. வால்வின் பிளாஸ்டிக் தலையைக் கையாலேயே திருகிக் கழற்றினேன். உள்ளே தீக்குச்சித் தடிமனில் ஓர் ஊசி. அழுத்தினால் உள்ளே போய், விட்டால் தானாக வெளியே வர வேண்டும். கோடை முழுக்க மூடியே கிடந்ததில் அது உள்ளேயே இறுகிவிட்டது. ஸ்பேனரால் வால்வின் பக்கவாட்டில் மெல்லத் தட்டி, ஊசியை அழுத்தி அழுத்தி விட்டேன். நாலாவது முறை டக்கென்று எழும்பியது, தண்ணீர் பாயும் சத்தம் கேட்டது. அந்த அம்மா ரேடியேட்டரில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

இதை நீங்களே செய்யலாம். ஆனால் ஊசியைக் குறட்டால் பிடித்து இழுக்கவே கூடாது. கையோடு வந்துவிட்டால் சுடுதண்ணீர் பீறிட்டு அடிக்கும். கோடையில் வால்வுகளை முழுக்கத் திறந்தே வைத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

சரி, அந்த 5-க்கு வருவோம். 5-இல் வைத்தால் அறை சீக்கிரம் சூடாகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தலைக்குள் இருக்கும் மெழுகோ திரவமோ அறைக் காற்றின் சூட்டில் விரிந்து ஊசியை அழுத்தும், தண்ணீர் நிற்கும். எந்தச் சூட்டில் நிற்க வேண்டும் என்பதை மட்டுமே எண் சொல்கிறது. பெரும்பாலான வால்வுகளில் 3 என்றால் 20 டிகிரிக்குப் பக்கம். திரைச்சீலையோ சோபாவோ வால்வை மறைத்தால், அங்கே தேங்கும் வெப்பத்தையே அறையின் வெப்பம் என்று எடுத்துக்கொண்டு முன்கூட்டியே மூடிவிடும்.

இன்னொரு தவறு பணத்தையே கரைக்கும். ஹால் சுவரில் தெர்மோஸ்டாட் இருக்கும், அங்கே வைத்த சூடு வந்ததும் பாய்லரை நிறுத்தும் கருவி அது. அதை 21 டிகிரியில் வைத்துவிட்டு, அதே ஹாலின் ரேடியேட்டரை 2-க்குக் குறைப்பார்கள். ஹால் 21-ஐத் தொடவே தொடாது, பாய்லரும் நிற்காது. தெர்மோஸ்டாட் இருக்கும் அறையில் வால்வை முழுக்கத் திறந்து விடுங்கள். மற்ற அறைகளை மட்டும் வால்வால் கட்டுப்படுத்துங்கள்.

அப்புறம், ஆள் இல்லாத அறை. செலவு மிச்சம் என்று அடியோடு மூடிவிடுகிறார்கள். நம் வீடுகளில் சோறு வடிக்கிற ஆவி, புட்டு அவிக்கிற ஆவி, உள்ளே காயப்போட்ட துணியின் ஈரம் எல்லாம் போய்ப் படிவது வீட்டிலேயே குளிர்ந்த சுவரில்தான். தை மாதத்துக்குள் அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை. 2020-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற 2 வயதுக் குழந்தை இறந்ததற்கு வீட்டுப் பூஞ்சையே காரணம் என்று மரண விசாரணையில் தெரியவந்தது. அதனால் ஆளில்லா அறையை 2-இல் வைத்து, கதவைச் சாத்துங்கள், சமைக்கும்போது ஜன்னலைத் திறங்கள். முதியவர் இருக்கும் அறை 18 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது.

பாய்லருக்குப் பதில் ஹீட் பம்ப் (வெளியே இருக்கும் வெப்பத்தை இழுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் மின்சாரக் கருவி) வைத்திருப்பவர்கள் மட்டும் இப்படி அறை அறையாக மூட வேண்டாம். மிதமான சூட்டுத் தண்ணீர் பல ரேடியேட்டர்களில் விடாமல் ஓடினால்தான் அது சிக்கனமாக இயங்கும். அங்கே பெரும்பாலான வால்வுகளைத் திறந்தே விடுங்கள்.