வாய்க்குப் போகும் கட்டளை

‘பம்பரம்’ என்று ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முதல் ப-வுக்கு உதடுகள் மூடித் திறக்கின்றன. ம்-முக்கு மறுபடி மூடுகின்றன. அண்ணத்தின் பின்பகுதி கீழிறங்கி, காற்று மூக்கு வழியாகப் போகிறது. அடுத்த ப-வுக்கு உதடுகள் மூடியபடியே இருக்க, மூக்கு வழி மட்டும் அடைபடுகிறது. பிறகு நாக்கு நுனி மேலேறி ர-வைத் தட்டுகிறது, கடைசியில் திரும்பவும் உதடுகள். ஒரு நொடிகூட ஆகாத இந்த வேலைக்கு உதடு, நாக்கு, தாடை, குரல்வளை, மூச்சு எல்லாம் ஒத்துழைக்க வேண்டும். பேச்சில் ஏறத்தாழ 100 தசைகள் பங்கெடுக்கின்றன.

அந்தத் தசைகளுக்கான கட்டளை கிளம்பும் இடம், காதுக்கு மேலே மண்டையோட்டுக்கு அடியில், உடல் அசைவுகளை ஆளும் மூளை மேலடுக்கான இயக்கப் புறணியின் கீழ்ப்பகுதி. ஏஎல்எஸ் என்னும் நோயில் மூளையையும் தசையையும் இணைக்கும் இயக்க நியூரான்கள் (நரம்புச் செல்கள்) ஒவ்வொன்றாக மடிகின்றன. புறணியிலும் இழப்பு உண்டு. ஆனாலும் கட்டளை பிறக்கும் அளவுக்கு நியூரான்கள் மிஞ்சியிருக்கின்றன. நோயாளி ‘தண்ணி’ என்று சொல்ல முயலும்போது கட்டளை கிளம்புகிறது, நாக்குக்குப் போய்ச் சேர்வதில்லை. அந்தக் கட்டளையை வழியிலேயே பிடித்து எழுத்தாக்கும் கருவிதான் மூளை–கணினி இணைப்பு. இதை ‘மனதைப் படிக்கும் இயந்திரம்’ என்று எழுதுவது தவறு. அது படிப்பது வாய்க்குப் போகும் கட்டளையை.

கட்டளையைப் பிடிப்பவை மின்முனை அணிகள். 3.2 மில்லிமீட்டர் சதுரத்தில் 64 ஊசிகள், ஒவ்வொன்றும் 1.5 மில்லிமீட்டர் நீளம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகக் குழு ஒரு ஏஎல்எஸ் நோயாளியின் மூளையில் இப்படி நான்கு அணிகளைப் பொருத்தியது. மொத்தம் 256 ஊசிகள். ஒரு நியூரான் துடிக்கும்போது ஊசிமுனையில் ஏற்படும் மின்னழுத்த மாற்றம் மைக்ரோவோல்ட் கணக்கில்தான் இருக்கும், சுமார் ஒரு மில்லிசெகண்டில் அடங்கிவிடும். அதைத் தவறவிடாமல் பிடிக்க நொடிக்கு 30,000 முறை அளக்கிறார்கள். 256 ஊசிகளுக்கு நொடிக்கு 76.8 லட்சம் எண்கள். இவ்வளவையும் அப்படியே செயற்கை நுண்ணறிவுக்குக் கொடுப்பதில்லை. 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, ஊசிக்கு இரண்டே எண்களாகச் சுருக்குகிறார்கள்: எத்தனை துடிப்புகள் வந்தன, துடிப்புகள் விழும் அலைவரிசையில் மின்னலையின் ஆற்றல் எவ்வளவு. ஆக 512 எண்கள்.

இனி வருவது கணினியில் ஓடும் ஒரு செயற்கை நரம்பு வலையமைப்பு. 512 எண்கள் கொண்ட கட்டுகளை வரிசையாக வாங்கிக்கொண்டு, 80 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ‘இப்போது எந்த ஒலி?’ என்பதற்கான நிகழ்தகவுகளைத் தருகிறது. ஆங்கிலத்துக்கு 39 ஒலியன்கள் (சொற்களை வேறுபடுத்தும் அடிப்படை ஒலிகள்), சொற்களுக்கு இடையிலான மௌனம் ஒன்று, ‘புதிதாக ஒன்றுமில்லை’ என்பதற்கான வெற்றுக்குறி ஒன்று. மொத்தம் 41 விடைகள்.

பயிற்சியில் ஒரு சிக்கல் உண்டு. திரையில் வாக்கியம் தெரியும், நோயாளி அதைச் சொல்ல முயல்வார். ஆனால் தெளிவான குரல் வெளிவராததால், எந்த மில்லிசெகண்டில் எந்த ஒலியை முயன்றார் என்று யாராலும் குறித்துக் கொடுக்க முடியாது. எனவே ஒலிகளின் வரிசையை மட்டும் கொடுக்கிறார்கள். அந்த வரிசை நேரத்தில் எப்படியெல்லாம் பரவியிருக்க முடியுமோ அத்தனை வழிகளின் நிகழ்தகவையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை உயரும்படி வலையமைப்பு தன்னைத் திருத்திக்கொள்கிறது. வெற்றுக்குறி இதற்காகவே இருக்கிறது.

வெளிவரும் ஒலிவரிசையில் பிழைகள் இருக்கும். அவற்றைச் சொற்களாக்குவது மொழி மாதிரி. முதலில், அடுத்தடுத்து வரும் சொற்களின் புள்ளிவிவரத்தைக் கொண்ட எளிய மாதிரி 1,25,000 சொற்களிலிருந்து பல வாக்கியங்களை முன்வைக்கிறது. பிறகு பெரிய மாதிரி ஒன்று அவற்றில் பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்கிறது. டேவிஸ் குழு பயன்படுத்திய பெரிய மாதிரியில் 670 கோடி அளவுருக்கள், அதாவது பயிற்சியில் திருத்தப்படும் எண்கள்.

எங்கே தவறு நேர்கிறது என்பதைத் தமிழிலேயே பார்க்கலாம். ‘அம்மாவைக் கூப்பிடு’ என்று ஒருவர் முயல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ம்-முக்கும் ப்-புக்கும் உதட்டு வேலை ஒன்றே, வித்தியாசம் அண்ணத்திலும் குரல்நாணிலும்தான். வாய் அசைவுகள் நெருங்கியிருந்தால் புறணியின் துடிப்பு வடிவங்களும் நெருங்கியிருக்கும். வலையமைப்பு ம்-மை ப்-பாக எடுத்துக்கொண்டால் திரையில் ‘அப்பாவைக் கூப்பிடு’ என்று வரும். மொழி மாதிரி அதைத் தடுக்காது, ஏனென்றால் அது பிழையில்லாத, தினமும் பேசப்படும் வாக்கியம். அர்த்தமில்லாத பிழையைப் பார்த்தவுடன் பிடித்துவிடலாம். அழகாக ஓடும் பிழை, சொல்லாததைச் சொன்னதாக ஒருவர் வாயில் வைத்துவிடுகிறது. ஒவ்வொரு வாக்கியத்தையும் நோயாளி ஒப்புக்கொண்ட பிறகே கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

துல்லியம் வேகமாகவே ஏறியிருக்கிறது. 2023-இல் ஸ்டான்ஃபோர்ட் குழு நிமிடத்துக்கு 62 சொற்களை எட்டியது, ஆனால் நான்கு சொற்களில் ஏறத்தாழ ஒன்று தவறு. அவர்கள் தங்கள் நான்கு அணிகளில் இரண்டை, 1861-இல் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா பேச்சோடு தொடர்புபடுத்திய பகுதியில் வைத்திருந்தார்கள். அங்கிருந்து பயனுள்ள தகவல் மிகக் குறைவாகவே வந்தது. இயக்கப் பகுதியில் வைத்த அணிகளே வேலை செய்தன. 2024-இல் டேவிஸ் குழு நான்கையும் இயக்கப் பகுதியில் வைத்தது. முதல் நாள் அரைமணி நேரப் பயிற்சியிலேயே 50 சொற்களுக்குள் 99.6% துல்லியம். பல மாதப் பயன்பாட்டில் 1,25,000 சொற்களோடு 97.5%. நிமிடத்துக்கு முப்பது சொற்களுக்குச் சற்று மேல் வந்தது. வழக்கமான உரையாடலில் 150-ஐத் தாண்டும்.

அந்த 97.5 சும்மா நிலைத்துவிடவில்லை. ஊசி நியூரானைக் கேட்கும் தூரம் மிகச் சிறியது. ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் மூளை லேசாக அசைகிறது, ஊசியைச் சுற்றித் தழும்புத் திசு வளர்கிறது. நேற்று ஒரு நியூரானின் துடிப்பு கேட்ட ஊசியில் இன்று வேறொன்று கேட்கும். நேற்றைய வலையமைப்பை இன்று அப்படியே ஓட்டினால் பிழை கூடும். இதற்காக ஒவ்வொரு நாளுக்கும் தனியாக ஒரு உள்ளீட்டு அடுக்கை வைத்து, சரியென்று உறுதியான வாக்கியங்களைக் கொண்டு பயன்பாட்டின் நடுவிலேயே வலையமைப்பைத் திருத்திக்கொண்டே போகிறார்கள். மண்டையோட்டில் திருகிய இணைப்பு முனையும், அதிலிருந்து போகும் கம்பியும் இன்னொரு கவலை. தோலைத் துளைத்து வெளியே நிற்கும் எந்தப் பொருளும் தொற்றுக்கு வழி.

எழுத்தை விட்டுவிட்டு நேரடியாகக் குரலையே உருவாக்கும் முறையை அதே குழு 2025-இல் காட்டியது. துடிப்பு வந்த 10 மில்லிசெகண்டுக்குள் ஒலி. கேள்வியின் ஏற்றம்கூட வருகிறது. ஆனால் இங்கே திருத்திக்கொடுக்க மொழி மாதிரி இல்லை. கேட்டவர்களுக்குப் பாதிக்குச் சற்று மேல் சொற்களே புரிந்தன.

மனதுக்குள் மட்டும் சொல்லிக்கொள்ளும் பேச்சு பற்றியும் கேட்க வேண்டியிருக்கிறது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் காட்டியபடி, அதுவும் இயக்கப் புறணியில் சற்று மங்கலாகப் பதிகிறது. மனதுக்குள் எண்ணிய எண்களில் சிலவற்றைக் கருவி பிடித்தது. அதனால் அவர்கள் ஒரு பூட்டு வைத்தார்கள்: குறிப்பிட்ட சொற்றொடரை மனதுக்குள் சொன்னால்தான் கருவி கேட்கத் தொடங்கும். என் பார்வையில், இது பின்னால் சேர்த்துக்கொள்ளும் வசதியாக இருக்கக் கூடாது, முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும்.

தமிழுக்கு இதைக் கொண்டுவர நினைப்பவருக்கு ஒரு சாதகமும் ஒரு பெரும்பாடும் உண்டு. ‘பம்பரம்’ சொல்லில் முதல் ப-வும் இரண்டாவது ப-வும் வேறு ஒலிகள். ஒன்றில் குரல்நாண் அதிர்வதில்லை, மற்றதில் அதிர்கிறது. ஆங்கிலத்தில் அந்த ஒரு வித்தியாசத்தால் கிரிக்கெட் மட்டை (bat) தட்டிக்கொடுப்பதாக (pat) மாறிவிடும். தமிழ் எழுத்தில் இரண்டும் ‘பேட்’தான், நம் சொந்தச் சொற்களில் எந்த ஒலி என்பதை இடமே சொல்லிவிடுகிறது. அந்தக் குழப்பம் நமக்குப் பெரிதாக வலிக்காது. ல, ள, ழ வலிக்கும். மூன்றுமே நாக்கின் வேலை. ‘வலி, வளி, வழி’ மூன்றும் நல்ல சொற்கள்.

பெரும்பாடு சொற்பட்டியலில். 1,25,000 சொற்கள் ஆங்கிலப் பேச்சுக்குப் போதும். ‘வா’ என்ற ஒரே வினையிலிருந்து ‘வந்துட்டிருந்தாங்கன்னா’, ‘வரமாட்டேங்கிறான்’, ‘வரச்சொல்லிட்டேன்’ என்று ஓயாமல் கிளைக்கும் மொழிக்குப் பட்டியல் எவ்வளவு நீண்டாலும் காணாது. சொல்லைப் பகுதி விகுதியாக உடைத்துக் கற்பிக்க வேண்டும். அதற்கான உரை எழுத்துத்தமிழில் ஏராளம். ஆனால் படுக்கையில் இருப்பவர் ‘எனக்குக் குளிர்கிறது’ என்று பேச முயலமாட்டார். ‘குளுருது’ என்றுதான் நாக்கை அசைக்கப் பார்ப்பார். அந்தப் பேச்சுத்தமிழைத்தான் முதலில் சேர்க்க வேண்டும்.