இடைநிலைப் புதைபடிவம்: சொல் விளக்கம்

மண்ணிலிருந்து தோண்டி எடுத்தது எதுவானாலும் அது பாசில் (fossil). லத்தீன் மூலச் சொல்லின் பொருள் அவ்வளவுதான். 1546இல் ஜெர்மானிய அறிஞர் அக்ரிகோலா எழுதிய நூலில் தாதுக்களும் மணிக்கற்களும்கூட அந்தப் பெயரில்தான் வருகின்றன. பழைய உயிர்களின் எச்சம், சுவடு என்று பொருள் சுருங்கியது பிற்பாடு. தமிழில் புதைபடிவம், தொல்லுயிர் எச்சம் இரண்டும் வழங்குகின்றன. எனக்குப் புதைபடிவமே சரியென்று படுகிறது. காலடித் தடமும் அதில் அடங்கிவிடும். புதைபொருள் வேறு. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பு புதைபொருள், மனிதர் செய்தது.

சரி, இடைநிலை? பள்ளி இலக்கணத்தில் பழகிய சொல். 'செய்தான்' என்பதில் பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே நின்று காலம் காட்டும் 'த்' இடைநிலை. அது அரைகுறை உறுப்பல்ல, தனக்கென வேலை உள்ள உறுப்பு.

உயிர்கள் காலப்போக்கில் ஒன்றிலிருந்து இன்னொன்றாக மாறி வந்தன என்னும் பரிணாமத்துக்குப் படைப்புவாதிகள் சொல்லும் முக்கிய மறுப்பு இந்த இடத்தில்தான் எழுகிறது. கடவுள் ஒவ்வொரு வகை உயிரையும் தனித்தனியாகப் படைத்தார், ஒரு வகை இன்னொன்றாக மாறியதில்லை என்பது அவர்கள் நம்பிக்கை. மாறியிருந்தால் பாதி மீன், பாதி தவளை என்று கல்லில் கிடைத்திருக்க வேண்டுமே, கிடைப்பதெல்லாம் முழு உயிர்கள்தானே என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இடைப்பட்ட வடிவங்கள் பாறைகளில் ஏன் நிறையக் கிடைக்கவில்லை என்று டார்வினே 1859இல் தன் நூலில் கேட்டிருக்கிறார்.

ஆனால் பரிணாமம் பாதி உயிரை எதிர்பார்க்கவே இல்லை. இரை தேடி, இனம் பெருக்கி வாழ்ந்த ஒரு முழு உயிரில் இரண்டு கூட்டங்களின் அடையாளங்கள் கலந்திருந்தால் அது இடைநிலை. 1861இல் பவேரியாவின் சுண்ணாம்புக்கல்லில் கிடைத்த ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்ற தொல்லுயிருக்குப் பறவைபோல் இறகு உண்டு. ஊர்வனபோல் பல்லும் நீண்ட எலும்பு வாலும் உண்டு. 'அது பறவைதான்' என்பார்கள். அப்படிப்பட்ட பறவை இன்று ஒன்றுகூட இல்லை. திக்தாலிக் என்ற பழங்கால மீன் இன்னும் வலுவான சான்று. மீன்களுக்கும் நான்கு கால் விலங்குகளுக்கும் இடைப்பட்ட காலத்துப் பாறை எங்கே வெளியே தெரிகிறது என்று பார்த்து, அமெரிக்கத் தொல்லுயிர் ஆய்வாளர் நீல் ஷூபின் குழுவினர் கனடாவின் வடகோடிக்குப் போய்ப் பல ஆண்டுகள் தேடினார்கள். 2004இல் கிடைத்தது, சுமார் 37.5 கோடி ஆண்டு பழையது. செதிலும் துடுப்பும் மீனுடையவை. தனியே திரும்பும் கழுத்தும், துடுப்புக்குள் மணிக்கட்டு போன்ற எலும்புகளும் கரைவிலங்கின் பக்கம் சாய்பவை. எந்த வயதுப் பாறையில் இருக்கும் என்று நினைத்தார்களோ அதே வயதுப் பாறையில் கிடைத்ததே!

'நம்மூரில் ஒன்றுமே கிடைக்கவில்லையே' என்று தருமபுரிப் பக்கம் யாராவது கேட்டால், பதில் பாறையில் இருக்கிறது. இங்குள்ள சார்னோக்கைட், நைஸ் என்ற கடும்பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து இறுகியவை. எலும்புள்ள உயிரே அப்போது கிடையாது. புதைபடிவம் தங்குவதற்கு, மண்ணும் மணலும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய படிவுப் பாறை வேண்டும்; அதைப் பார்க்க அரியலூர் போக வேண்டும்.

இடைநிலைப் புதைபடிவம் பாடநூலில் 'இணைப்பு உயிரி' என்றும் வரும். தவறில்லை, ஆனால் நேர் மூதாதை என்று எண்ண வைத்துவிடும். ஆர்க்கியாப்டெரிக்ஸ் நம் காக்கைக்குப் பாட்டனாக இல்லாமல் பங்காளியாகவும் இருக்கலாம். 'விடுபட்ட கண்ணி' என்பதைத்தான் கைவிட வேண்டும். ஒரே சங்கிலி, அதில் ஒரு கண்ணி மட்டும் இல்லை என்ற படத்தை அது மனதில் பதிக்கிறது. ஒரு புதைபடிவம் கிடைத்ததும் அதன் இரு பக்கமும் புது இடைவெளி காட்டும் வாதத்துக்கு அந்தப் படம்தான் இடம் கொடுக்கிறது.