கருந்துளைகள் இணைய எவ்வளவு காலம்? வெறுமனே வகுத்தால் விடை தப்பு

மாணவர்களின் ஆய்வறிக்கைகளைத் திருத்த உட்கார்ந்தால் இந்தப் பிழை கண்ணில் படாமல் இருப்பதில்லை. இந்த வாரமும் பட்டது. ஒன்றையொன்று சுற்றும் இரண்டு கருந்துளைகள் எப்போது இணையும் என்ற கேள்விக்கு, இடையிலுள்ள தூரத்தை அது இப்போது குறையும் வேகத்தால் வகுத்து விடை எழுதிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வட்டப்பாதையில் அந்த விடை உண்மையைவிட நான்கு மடங்கு அதிகம்.

சுற்றும்போது எழும் ஈர்ப்பலைகள் (கால-வெளியில் பரவும் அதிர்வுகள்) ஆற்றலைக் கொண்டுபோகின்றன, பாதை சுருங்குகிறது. சரி. ஆனால் சுருங்கும் வேகம் ஒரே அளவாக இருப்பதில்லை. தூரம் பாதியானால் அது எட்டு மடங்காகிறது. தூரத்தின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்விகிதம். அதைத் தொகையிட்டால்தான் (integration) காலம் கிடைக்கும். தொகையிடும்போது மூன்றாம் அடுக்கு நான்காம் அடுக்காகி, கீழே ஒரு நான்கு வந்து சேர்கிறது. சுருங்கும் வேகத்துக்கான சூத்திரத்தில் இருக்கும் 64/5, இயற்பியலாளர் பீட்டர்ஸ் 1964-இல் தந்த காலச் சூத்திரத்தில் 5/256 ஆக வருவது இதனால்தான். தூரம் பாதியாகும்போதே மொத்தக் காலத்தில் 16-இல் 15 பங்கு முடிந்துவிடும். மிச்சப் பாதித் தூரத்துக்கு ஒரே ஒரு பங்குதான்.

எண்களைப் பாருங்கள். சூரியனைப்போல் 30 மடங்கு நிறையுள்ள இரண்டு கருந்துளைகள், வட்டப்பாதை. நடுவே புவிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் இருந்தால், இணைய ஏறக்குறைய 6 லட்சம் கோடி ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுகள்தான். தூரத்தைப் பத்தில் ஒரு பங்காக்கினால் 60 கோடி ஆண்டுகள் போதும். தொடக்கத் தூரத்தை இரு மடங்காகச் சொல்லிவிட்டால் விடை 16 மடங்கு தப்பும். அதைக் குத்துமதிப்பாக எடுக்க வேண்டாம்.

"கருந்துளைகள் 0.2 நொடியில் இணைந்துவிட்டன" என்று எழுதுவதையும் நிறுத்துங்கள். 2015 செப்டம்பர் 14 அன்று ஈர்ப்பலைகளைக் கண்டறியும் லைகோ (LIGO) கருவிகளில் பதிவான 0.2 நொடி அலை, நெடுங்காலச் சுழற்சியின் கடைசித் துணுக்கு மட்டுமே. அதற்கு முந்தைய அலைகளின் அதிர்வெண் அந்தக் கருவிகளுக்கு எட்டாத அளவு குறைவு.

அதிர்வெண்ணிலிருந்து கணக்கிடுகிறீர்களா? வட்டப்பாதையில் ஈர்ப்பலையின் அதிர்வெண் சுற்று அதிர்வெண்ணைப்போல் இரு மடங்கு. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டால் காலம் ஆறு மடங்குக்கு மேல் தப்பும்.

பாதை நீள்வட்டமானால் வட்டத்துக்கான சூத்திரத்தை அப்படியே போடாதீர்கள். மையத்தொலைத்தகவு (பாதை எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதன் அளவு; வட்டத்துக்கு 0) 0.9 என்றால், அதே சராசரித் தூரத்தில் காலம் சுமார் 300-இல் ஒரு பங்காகிவிடும், ஏனென்றால் நெருங்கிவரும் ஒவ்வொரு முறையும் ஆற்றல் பெருமளவில் வெளியேறுகிறது. கடைசிச் சில சுற்றுகளுக்கோ இந்தச் சூத்திரமே பொருந்தாது. அங்கே ஐன்ஸ்டீன் சமன்பாடுகளைக் கணினியில்தான் தீர்க்க வேண்டும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். விடையோடு தொடக்கத் தூரம், இரு நிறைகள், மையத்தொலைத்தகவு மூன்றையும் எழுதிவையுங்கள். அவை இல்லாமல் வெறும் ஆண்டுக்கணக்கு மட்டும் வந்தால் யாராலும் சரிபார்க்க முடியாது.