சொட்டுகிற இடத்தில் தேடாதீர்கள்

கோவில்பட்டியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். 1998 மாடல் மாருதி 800 வைத்திருக்கிறார். ஒன்றரை வருடமாக வண்டி நிற்கிற இடத்தில் எல்லாம் ஆயில் கறை. எஞ்சினின் அடித்தொட்டியான சேம்பரின் பேக்கிங் இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது, எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவரின் பேக்கிங் ஒரு தடவை, எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்கின் முன்பக்க சீல் ஒரு தடவை. கடைசியாகப் பார்த்த மெக்கானிக், கியர்பாக்ஸை இறக்கிப் பின்பக்க சீலையும் மாற்றிவிடலாம் என்கிறார். வீட்டில் மாமனார், இது ராசியில்லாத வண்டி, வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள் என்கிறார். "இத்தனையும் மாற்றிய பிறகும் ஏன் நிற்கவில்லை?" என்று கேட்டிருந்தார்.

நல்ல கேள்வி. என் அப்பாவின் 800இல் இதே தொல்லையோடு நானும் இரண்டு வருடம் மல்லுக்கட்டியிருக்கிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அடிப்படை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கீழே சேம்பரில் நிற்கிற ஆயிலை பம்ப் உறிஞ்சி, ஃபில்டர் வழியாக பேரிங்குகளுக்கும் மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுக்கும் அனுப்புகிறது, அது வேலையை முடித்துவிட்டு மறுபடி கீழே வடிகிறது. கசிவதற்கு இரண்டே வகையான வழிகள்தான் உண்டு. ஒன்று, அசையாத இரண்டு உலோகங்கள் சேரும் இடம். அங்கே பேக்கிங் அல்லது ஓ-ரிங் இருக்கும். இன்னொன்று, சுழலும் தண்டு எஞ்சினை விட்டு வெளியே வரும் இடம். அங்கே ஆயில் சீல் இருக்கும். முதல் வகையைச் சரிசெய்வது சுலபம், கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். இரண்டாவது வகையில் இரண்டுமே கஷ்டம்.

கண்டுபிடிப்பது ஏன் கஷ்டம் என்றால், ஆயில் கசிகிற இடத்தில் சொட்டுவதில்லை. சூடான ஆயில் மெல்லியதாகி, உலோகத்தோடு ஒட்டிக்கொண்டே சரிந்து, வழியில் ஒரு போல்ட் தலையோ விளிம்போ தென்படுகிற வரை இறங்கி, அங்கே திரண்டுதான் சொட்டும். வண்டி ஓடும்போது முன்னாலிருந்து வரும் காற்று அதைப் பின்னால் தள்ளும். படிந்திருக்கிற புழுதி திரி மாதிரி உறிஞ்சி எல்லாப் பக்கமும் பரப்பும். அதனால் எஞ்சினின் மிகத் தாழ்வான இடமான சேம்பர்தான் எப்போதும் நனைந்திருக்கும், பழியும் அதற்குத்தான் போகும். 800இல் இன்னொரு சங்கடம் உண்டு. அதன் மூன்று சிலிண்டர் எஞ்சின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கிறது. கார்புரேட்டர் மாடல்களில், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் சிலிண்டர் ஹெட்டின் ஒரு முனையில், கியர்பாக்ஸுக்கு நேர் மேலே வருகிறது. அதற்குள் இருக்கிற சின்ன ஓ-ரிங் வெப்பத்தில் இறுகிப் போனால், ஆயில் நேராகக் கியர்பாக்ஸ் மேல் வழிந்து, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் போய்ச் சொட்டும். பார்க்கிறவர் பின்பக்கக் கிராங்க் சீல் போய்விட்டது என்று சத்தியம் செய்வார். தேநீர்ச் செலவில் வாங்கிவிடக்கூடிய ஒரு ரப்பர் வளையத்துக்காகக் கியர்பாக்ஸ் கீழே இறங்கும்.

ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன்னால் எஞ்சினைக் கழுவுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரையும் கார்புரேட்டரையும் பாலித்தீன் பையால் மூடிவிட்டு, டீசல் தொட்ட பிரஷ்ஷால் பழைய பிசுக்கு முழுவதையும் எடுத்து, நன்றாகக் காய விடுங்கள். டீசல் வாடை போகும் வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். அப்புறம் சந்தேகப்படுகிற இடங்களில் எல்லாம் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைத் தூவி, ஒரு பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஆயில் போன தடம் கோடு போட்ட மாதிரி தெரியும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே மேலே போக வேண்டும். எவ்வளவு உயரத்தில் ஈரம் தொடங்குகிறதோ அதுதான் ஊற்று. பவுடரில் பிடிபடாத மெல்லிய கசிவுக்கு, ஆயிலோடு கலக்கும் ஒளிரும் சாயம் கிடைக்கிறது. கள்ளநோட்டு பார்க்கிற மாதிரியான புறஊதா டார்ச்சை அடித்தால் மஞ்சள் பச்சையாக மின்னும். கண்ணுக்குத் தெரியாத ஒளியை வாங்கி, கொஞ்சம் ஆற்றலை இழந்து, கண்ணுக்குத் தெரிகிற ஒளியாகத் திருப்பித் தருகிற இந்தக் குணத்துக்கு 1852இல் பெயர் வைத்தவர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ்.

தரையில் கிடக்கும் கறையைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். ஒரு ஸ்பூன் ஆயிலில் நூறு துளிக்கு மேல் இருக்கும், ஒவ்வொரு துளியும் சிமெண்ட் தரையில் தன்னைவிடப் பெரிய கறையாகப் பரவும். ஆயில் எவ்வளவு குறைகிறது என்பதை, அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்தான் சொல்ல வேண்டும்.

இனி ஆயில் சீலுக்கு வருகிறேன். சொல்லப்போனால் இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

70 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு தண்டு நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். அதன் மேற்பரப்பு நொடிக்கு 11 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு சுமார் 40 கிலோமீட்டரில் ஓடுகிறது. அதன் மேல் ஒரு ரப்பர் உதட்டை அழுத்தி வைத்திருக்கிறோம், பின்னால் ஒரு மெல்லிய சுருள் கம்பி இறுக்கிப் பிடித்திருக்கிறது. ரப்பர் உலோகத்தை உண்மையிலேயே தொட்டுக்கொண்டிருந்தால் சீக்கிரமே கருகிவிடும். ஆனால் நல்ல சீல் ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் உழைக்கிறது. எப்படி?

இந்த வகை சீல்கள் முதலில் தோலால் செய்யப்பட்டவை. ஜெர்மனியில் வைன்ஹைம் என்ற ஊரில் 1849இல் தோல் பதனிடும் தொழிலாகத் தொடங்கிய ஃபிராய்டன்பெர்க் நிறுவனம் 1930களின் தொடக்கத்தில் அவற்றை விற்றது. வடிவமைத்த வால்டர் சிம்மரின் பெயரால் ஜெர்மன்காரர்கள் இன்றைக்கும் சிம்மரிங் என்கிறார்கள். பின்னால் செயற்கை ரப்பர் வந்தது. இறுக்கிப் பிடிப்பதால்தான் ஆயில் நிற்கிறது என்றே பலரும் நினைத்திருந்தார்கள். 1957இல் பிரிட்டனில் ஜாகர் என்ற ஆய்வாளர், ஓடுகிற சீலின் உதட்டுக்கும் தண்டுக்கும் நடுவில் ஒரு ஆயில் படலம் இருக்கிறது, ரப்பர் அதன் மேல் மிதக்கிறது என்று காட்டினார். படலத்தின் தடிமன் ஏறத்தாழ ஒரு மைக்ரான், தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. அப்படியானால் கேள்வி இன்னும் கடினமாகிவிட்டது. நடுவில் வழி இருக்கிறது, வழியில் ஆயிலும் இருக்கிறது. பிறகு ஏன் அது வெளியே வரவில்லை?

விடை அந்த உதட்டின் வடிவத்தில் இருக்கிறது. சீலைக் கையில் எடுத்துப் பாருங்கள், உதடு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சரியாது. ஆயில் பக்கம் செங்குத்தாக, ஏறக்குறைய 45 பாகையில் ஏறும். காற்றுப் பக்கம் இன்னும் தாழ்வாக, 25 பாகை அளவில் படுத்திருக்கும். அதனால் தண்டின் மேல் விழும் அழுத்தத்தின் உச்சம் நட்டநடுவில் இல்லாமல் ஆயில் பக்கமாகத் தள்ளி விழுகிறது. புது சீல் முதல் சில மணி நேரம் ஓடும்போது அதன் உதடு லேசாகத் தேய்ந்து, நுண்ணோக்கியில் மட்டும் தெரிகிற குட்டிக் குட்டி மேடுகள் உருவாகின்றன. தண்டு சுழலும்போது இந்த மேடுகளைத் தன்னோடு இழுக்கிறது. அழுத்தம் அதிகமான இடத்தில் இழுப்பும் அதிகம், ஓரங்களில் குறைவு. ஆக ஒவ்வொரு மேடும் அம்பு முனை மாதிரி வளைகிறது. வாசலில் நிற்கும் தண்ணீரைத் துடைப்பத்தைச் சாய்த்துப் பிடித்துத் தள்ளினால் அது ஒரு பக்கமாக ஒதுங்குமே, அதையேதான் இந்தச் சாய்ந்த மேடுகள் ஆயிலுக்குச் செய்கின்றன. அம்பின் ஒரு கை ஆயிலை வெளியே தள்ளப் பார்க்கிறது, இன்னொரு கை உள்ளே தள்ளப் பார்க்கிறது. உச்சம் ஆயில் பக்கமாக ஒதுங்கியிருப்பதால் காற்றுப் பக்கத்துக் கை நீளம், அதன் பலம் அதிகம். மொத்தத்தில் ஆயில் உள்ளே போகிறது.

ஆயில் சீல் என்பது ஒரு பம்ப்! ஒடிந்துவிடாமல் வளைகிற, கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துடுப்புகள் உள்ள பம்ப். ஓடிக்கொண்டிருக்கிற நல்ல சீலின் வெளிப்பக்கத்தில் கொஞ்சம் ஆயிலை விட்டால் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதே சீலைத் திருப்பிப் போட்டால் சேம்பரையே காலி செய்யப் பார்க்கும். இதை முதன்முதலில் படித்த அன்றைக்கு, பழைய சீல் ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பம்ப் என்று தெரிந்துவிட்டால், அது எப்படித் தோற்கும் என்பதும் புரிந்துவிடும். பல வருட வெப்பத்தில் ரப்பர் இறுகிவிட்டால் மேடுகள் வளையாது, பம்ப் நின்றுவிடும். தண்டில் உதடு ஓடி ஓடி பள்ளம் விழுந்திருந்தால், புது சீலின் உதடு அதற்குள் சரியாக உட்காராது. மூன்றாவது காரணம் நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

அப்பா வண்டியில் முன்பக்கக் கிராங்க் சீல் இரண்டு முறை மாற்றினோம். இரண்டு முறையும் வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஸ்லோவில் ஓடும்போது ஒரு துளி வராது, பைபாஸில் 80இல் போய்விட்டு வந்தால் டைமிங் கவருக்குக் கீழே நனைந்திருக்கும். சீல் மட்டமானது என்றுதான் நினைத்தோம். மூன்றாவது முறை ஆயில் பம்பையும் கழற்றித் தண்டை முழுதாக வெளியே பார்த்தபோது, பூதக்கண்ணாடியில் தெரிந்தது. பழைய சீலைக் கழற்றியவர் தண்டைச் சுத்தம் செய்ய எமரித் தாளைச் சுற்றி இழுத்திருக்கிறார். இடம் ஒடுக்கமானது என்பதால் தாள் சாய்வாகத்தான் உட்கார்ந்திருக்கும், கீறல்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து விழுந்திருந்தன. அதாவது தண்டின் மேல் ஒரு மிக நுண்ணிய திருகு மரை வெட்டப்பட்டுவிட்டது, அதுவும் ஆயிலை வெளியே தள்ளும் திசையில். உள்ளே தள்ளும் சீலுக்கும் வெளியே தள்ளும் மரைக்கும் போட்டி. வேகம் கூடக் கூட மரை ஜெயித்தது.

இந்த மரையைக் கண்டுபிடிக்க சீல் செய்கிறவர்கள் ஒரு எளிய சோதனை வைத்திருக்கிறார்கள். தண்டில் லேசாக ஆயில் தடவி, ஒரு நூலை அதன் மேல் போட்டு, நுனியில் சின்ன எடை ஒன்றைத் தொங்கவிட்டு, மெதுவாகச் சுழற்ற வேண்டும். நூல் இருந்த இடத்திலேயே நின்றால் தண்டு நல்லது. பக்கவாட்டில் நகர ஆரம்பித்தால் மரை இருக்கிறது. சுழலும் திசையை மாற்றினால் நூலும் திரும்பி நடக்கும். லேத் பட்டறையில் கடைந்த ஒரு கம்பியை வைத்து இதைச் செய்து பார்த்தேன், தையல் நூல் யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி நகர்ந்து போனது. எங்கள் தண்டை மிக நைஸான தாளால், சாயாமல் நேராகச் சுற்றி மெருகேற்றி, புது சீலை இரண்டு மில்லிமீட்டர் வெளியே தள்ளி உட்காரவைத்தோம். கசிவு நின்றது.

இதே மரையை வேண்டுமென்றே வெட்டிய காலமும் உண்டு. பிரிட்டனின் பிஎம்சி நிறுவனம் 1950களில் செய்த பி-வரிசை எஞ்சின்களில் பின்பக்கத்துக்கு ரப்பர் சீலே கிடையாது. கிராங்க் தண்டில் எதிர்த் திசையில் ஒரு மரை வெட்டியிருப்பார்கள், தண்டு சுழலும்போது அது ஆயிலை உள்ளே திருகி அனுப்பிவிடும். அம்பாசடரின் பழைய 1489 சிசி எஞ்சின் அந்தக் குடும்பத்தில் வந்தது. எஞ்சினை நிறுத்தினால் மரையும் நிற்கும், நிறுத்திய இடத்தில் ஒன்றிரண்டு சொட்டு விழுவது அந்த அமைப்பின் இயல்பு.

எல்லாம் சரியாக இருந்தும் கசிகிறதா? பேக் கம்ப்ரஷனைப் பாருங்கள். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் கீழே இறங்கும். அதை வெளியேற்றத்தான் பிரீதர் குழாயும் பிசிவி வால்வும் இருக்கின்றன. அவை கரிப்பிசுக்கால் அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி, ஆயிலை இருக்கிற எல்லா இடுக்கு வழியாகவும் தள்ளும். ஒன்றை அடைத்தால் இன்னொன்றில் வரும். ஸ்லோவில் ஆயில் மூடியைத் திறந்து ஒரு தாளை மேலே பிடியுங்கள். தாள் லேசாக உள்ளே இழுபட்டால் நல்லது, தூக்கி அடித்தால் முதலில் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

ராசியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ராசியில்லாத வண்டி என்று சொல்லிவிட்ட அந்த நிமிடத்தில் தேடுவதை விட்டுவிடுகிறோம், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. காரணம் ஒரு மைக்ரான் தடிமனில் ஒளிந்திருக்கலாம், ஆனாலும் காரணம் இருக்கிறது. இப்படி உராய்வையும் தேய்மானத்தையும் கசிவையும் நோண்டிக்கொண்டிருக்கிற ஆய்வாளர்களுக்குப் பணம் ஒதுக்க அரசுகள் தயங்குவதும் எனக்கு வருத்தம்தான். 1966இல் பிரிட்டிஷ் அரசுக்காகப் பீட்டர் ஜோஸ்ட் தலைமையில் தயாரான அறிக்கை, இந்த அறிவை ஒழுங்காகப் பயன்படுத்தினால் அந்த நாடு வருடத்துக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சப்படுத்தலாம் என்று கணக்குப் போட்டது. இந்தத் துறைக்கு டிரைபாலஜி என்ற பெயரே அந்த அறிக்கையோடு வந்ததுதான். ராக்கெட்டுக்குக் கிடைக்கிற கைதட்டலில் கொஞ்சமாவது ரப்பர் உதட்டுக்கும் கிடைக்க வேண்டும்.

கோவில்பட்டி நண்பருக்கு: கியர்பாக்ஸை இப்போது இறக்க வேண்டாம். எஞ்சினைக் கழுவி, பிரீதர் குழாயைப் பார்த்துவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றிப் பவுடர் போடுங்கள். அங்கே காய்ந்திருந்தால் டேப்பட் கவரின் பின் மூலை, அப்புறம் ஆயில் பிரஷர் ஸ்விட்ச். இவையெல்லாம் காய்ந்திருந்து, கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் மட்டும் ஈரம் இருந்தால் மெக்கானிக் சொன்னது சரி, இறக்குங்கள். இறக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், எமரித் தாளை அவர் எப்படிப் பிடிக்கிறார் என்று பாருங்கள்.