'கேகேஎம் லுலுஸ்', அதாவது மலேசிய சுகாதார அமைச்சு அங்கீகரிச்சதுன்னு வாட்ஸ்அப்ல போட்டு விக்கிறவங்களுக்கு ஒரு பார்மசிஸ்ட் எழுதுறது

போன வியாழக்கிழமை, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல கடைய மூடப்போற நேரம், செந்தூல்லேர்ந்து ஒரு ஆண்ட்டி மகனோட வந்தாங்க. முட்டி வலிக்கு நாலு மாசமா ஏதோ மூலிகை கேப்சூல் சாப்பிடுறாங்களாம். "நல்லா கேட்டுச்சு மிஸ், பத்துமலைல 272 படியும் ஏறிட்டேன்"ன்னாங்க. இப்ப ஏஜென்ட்கிட்ட ஸ்டாக் இல்ல, நிறுத்தி ஆறு நாளாச்சு, அதே மாதிரி என்கிட்ட இருக்கான்னு கேக்க வந்திருக்காங்க. நான் அவங்க முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். உருண்டையா உப்பிப் போயிருக்கு, கைத்தோல் மெலிஞ்சு அங்கங்க கன்னிப்போயிருக்கு, ரெண்டு நாளா வாந்தி, எழுந்து நின்னா கண்ண இருட்டிக்கிட்டு வருதாம். பாட்டிலை மகன் கையில குடுத்து நேரா எமர்ஜென்சிக்குப் போகச் சொல்லிட்டேன். இந்த வருசத்துல இது மூணாவது ஆளு.

என்ன நடந்திருக்கும்னு பார்மசி படிச்சவங்களுக்கு இதுக்குள்ள தெரிஞ்சிருக்கும். வலிக்கு விக்கிற ஜாமு, மாஜுன் மாதிரி மூலிகை மருந்துங்கள்ல டெக்சாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு கலந்திருக்குறத கேகேஎம் எத்தனையோ தடவ புடிச்சிருக்கு. மாசக்கணக்கா சாப்பிட்டுட்டு திடீர்னு நிறுத்துனா உயிருக்கே ஆபத்து.

பாட்டில்ல இருந்த நம்பருக்கு நானே போன் அடிச்சேன். எடுத்தது ஒரு சின்னப் பொண்ணு, வீட்டுல கைக்குழந்தைய வச்சிக்கிட்டு ரெண்டு காசு பாக்கலாம்னு ஏஜென்டா சேந்த பொண்ணு. "மிஸ், இது கேகேஎம் லுலுஸ் மிஸ், எல்லா டாக்குமெண்டும் இருக்கு"ன்னு வாட்ஸ்அப்ல வரிசையா அனுப்புச்சு. எஸ்எஸ்எம் சர்டிபிகேட், லேப் ரிப்போர்ட் ஒண்ணு, ஹலால் லோகோ, மெஸ்தி சர்டிபிகேட்.

தயவு செஞ்சு இத ஒரு தடவ பொறுமையா படிங்க, ஏன்னா வாரா வாரம் யாராவது ஒருத்தர் இதே நாலையும் தூக்கிட்டு என் கவுண்டர் முன்னாடி வந்து நிக்கிறாங்க. எஸ்எஸ்எம்னா உங்க பேர்ல ஒரு வியாபாரம் பதிவாகியிருக்கு, அவ்வளவுதான், நீங்க செருப்பு வித்தாலும் அதே சர்டிபிகேட்தான். லேப் ரிப்போர்ட்னா நீங்களா அனுப்புன ஒரு பாட்டில்ல நீங்க கேட்ட டெஸ்ட மட்டும் பண்ணிக் குடுத்தது. கிருமி இருக்கான்னு பாக்கச் சொன்னா கிருமிய மட்டும்தான் பாப்பாங்க, ஸ்டீராய்ட யாரும் தேட மாட்டாங்க. ஹலால் லோகோ ஹலாலான்னு மட்டும்தான் சொல்லும். மெஸ்தி கேகேஎம் குடுக்குறதுதான், ஆனா அது சாப்பாட்டுப் பொருள் செய்யிற எடம் பாதுகாப்பா, சுத்தமா நடக்குதாங்கிறதுக்கு. அந்தத் தாள வச்சிக்கிட்டு முட்டி வலி கேப்சூல் விக்க முடியாது. இந்த நாலையும் ஒண்ணா அடுக்குனாலும் 'கேகேஎம் லுலுஸ்' ஆகாது.

மருந்து, பாரம்பரிய மருந்து, சப்ளிமெண்ட் எதுவா இருந்தாலும் பெட்டாலிங் ஜெயாவுல இருக்குற என்பிஆர்ஏல, அதாவது கேகேஎம்மோட மருந்துப் பதிவு அமைப்புல, பதிவு பண்ணி மால் நம்பர் வாங்கியிருக்கணும். எம்-ஏ-எல், அப்புறம் எட்டு இலக்கம், அப்புறம் எழுத்து. பாரம்பரிய மருந்துக்கு டி, சப்ளிமெண்டுக்கு என். நம்பர் அச்சடிச்சிருந்தா மட்டும் நம்பிடாதீங்க, என்பிஆர்ஏ வெப்சைட்ல போட்டுத் தேடி பேரும் கம்பெனியும் ஒத்துப்போகுதான்னு பாருங்க. அந்தப் பொண்ணோட பாட்டில்லயும் நம்பர் இருந்துச்சு. தேடினா வேற கம்பெனியோட வேற பொருள் வருது. ரெண்டு நிமிசம் ஆகாது, நாலு மாசமா வித்தவங்க ஒருத்தரும் பாக்கல.

முகத்துக்குப் போடுற க்ரீம் கதை வேற. அதுக்கு என்-ஓ-டின்னு ஆரம்பிக்கிற நோட்டிபிகேஷன் நம்பர். அதுகூட கேகேஎம் க்ரீமைப் பிரிச்சு டெஸ்ட் பண்ணிட்டு ஓகே சொன்னதுன்னு அர்த்தமில்ல, இது பாதுகாப்பானதுன்னு கம்பெனியே பொறுப்பேத்து அறிவிக்கிறது. அப்புறமா சந்தையிலேர்ந்து எடுத்து சோதிச்சு பாதரசம், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், பீட்டாமெத்தசோன் இருந்தா நோட்டிபிகேஷன ரத்து பண்ணுவாங்க. போன வருசம் நம்பர் இருந்துச்சுன்னு இந்த வருசம் விக்காதீங்க, ஒவ்வொரு ஸ்டாக் வாங்கும்போதும் தேடிப் பாருங்க.

"இந்தியாவுல அப்ரூவல் இருக்கு மிஸ்"னு திருச்சி பிளைட்ல லேகியமும் பஸ்பமும் பெட்டியில கொண்டாந்து விக்கிறாங்களே, அந்த அப்ரூவல் இங்க செல்லாது. இங்க மால் நம்பர் வாங்கணும்னா ஈயம், பாதரசம், ஆர்சனிக்லாம் அளவுக்குள்ள இருக்கான்னு காட்டியாகணும்.

வீட்டுல சத்துமாவு அரைச்சு விக்கிற அக்காங்க பயப்பட வேணாம், அது சாப்பாட்டுப் பொருள், மால் நம்பர் தேவையில்ல. டைபாய்ட் ஊசி போடுங்க, உணவு கையாளுறவங்களுக்கான ட்ரெய்னிங் போங்க, லேபிள் மலாய்ல இருக்கட்டும். ஆனா பாக்கெட்ல 'சர்க்கரை வியாதி குணமாகும்'னு ஒரு வரி போட்டீங்கன்னா அங்கயே மாட்டிக்கிட்டீங்க. 1956ல வந்த மருந்து விளம்பரச் சட்டத்துல இருபது நோய் பட்டியல் இருக்கு, சர்க்கரை, பிரஷர், கேன்சர், கிட்னி, ஆஸ்துமா, குழந்தையின்மை எல்லாம் அதுல வருது, அதையெல்லாம் குணப்படுத்துறேன்னு விளம்பரம் பண்ணவே கூடாது, டிக்டாக் லைவ்ல வாயால சொன்னாலும் விளம்பரம்தான். முடி எண்ணெய் விக்கிற தம்பிங்களுக்கும் இதான், பளபளப்பா இருக்கும்னு சொல்லு, வழுக்கையில முடி மொளைக்கும்னு சொல்லாத.

"நான் ஏஜென்ட்தானே, தயாரிச்சது அவங்கதானே"ன்னும் சொல்லாதீங்க. பதிவில்லாத மருந்தை விக்கிறதும் குத்தம், கையில வச்சிருக்கிறதும் குத்தம். தனி ஆளுக்கு முதல் தடவையே 25,000 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் அபராதம், இல்லன்னா மூணு வருசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும்கூட சேந்து வரலாம்.

ராத்திரி அந்தப் பொண்ணு மெசேஜ் போட்டுச்சு, "மிஸ், பதினெட்டு பாட்டில் இருக்கு, போட்ட காசு?"ன்னு. போட்ட காசு போனது போனதுதான்மா. பாட்டில குப்பையில போடாத, பாதி வெலைக்கு இன்னொருத்தர் தலையில கட்டாத, கேகேஎம் பார்மசி அமலாக்கப் பிரிவுல கொண்டு போய்க் குடு. அதுக்கு முன்னாடி இன்னிக்கே போன எடுத்து, வாங்குன ஒவ்வொருத்தரையும் கூப்பிடு. அவங்களா திடீர்னு நிறுத்திடாம, பாட்டிலோட டாக்டர்கிட்ட போகச் சொல்லு. யார்யாருக்கு வித்தேன்னு லிஸ்ட் இருக்கான்னு கேட்டேன். வாட்ஸ்அப்ல தேடிப் பாக்குறேன்னு சொல்லியிருக்கு.